நாலு யூரோ அகராதி: சின்னச் சொல்லுக்கு இது, நீளக் கடிதத்துக்கு போன்

ஐண்ட்ஹோவனில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு க்ரிங்லோப் கடை இருக்கிறது. க்ரிங்லோப் என்றால் பழைய சாமான் கடை. பீங்கான் தட்டு, சைக்கிள் பம்ப், யாரோ தாத்தா உட்கார்ந்து குழி விழுந்த சோபா, எல்லாம் கிடைக்கும். அங்கே புத்தக அலமாரியின் அடித்தட்டில், ஒரு கையால் தூக்க முடியாத கனத்தில் ஒரு இங்கிலீஷ்-டச்சு அகராதி கிடந்தது. அட்டை போயிருந்தது, முதல் சில பக்கங்களும் போயிருந்தன. நாலு யூரோ கொடுத்து வாங்கினேன். எந்தப் பதிப்பகம், எந்த வருஷம் என்று எனக்கே தெரியாது, அதனால் பெயர் கேட்காதீர்கள். ஆனால் இந்த ரகத்துப் பழைய பெரிய அகராதி நான் போன க்ரிங்லோப் எல்லாவற்றிலும் ஒன்றாவது கிடந்திருக்கிறது. அதனால் இதைப் பற்றி எழுதினால் யாருக்காவது உபயோகப்படும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில், போனில் இலவசமாக மொழிபெயர்ப்பு ஆப் இருக்கும்போது இந்தச் செங்கல் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் எங்களுக்கு எல்லாமே இங்கிலீஷ்தான், டச்சு தெரியாமலேயே காலம் தள்ளலாம். நான் சாயங்காலம் நூலகத்தில் நடக்கும் பேச்சு வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். விட்டே டாமே என்ற வெள்ளைக் கட்டடம், அந்தக் காலத்தில் ஃபிலிப்ஸ் பல்பு செய்த ஃபேக்டரி, அதில்தான் நூலகம். வகுப்புக்குப் போன முதல் மூணு மாசம் போன் ஆப்பை வைத்துத்தான் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் நைமேகன் போகிற வழியில் டென் பாஸ் ஸ்டேஷனில் ரயில் நின்றது, இங்கே மாறி ஏற வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். சேஞ்ச் என்று தட்டினேன், ஆப் ஃபெராண்டரன் என்றது. எதிர் சீட்டில் இருந்த அம்மாவிடம், "முட் இக் ஹீர் ஃபெராண்டரன்?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேண்டாம், இப்படியே நன்றாகத்தான் இருக்கிறீர்கள்" என்றார். நான் கேட்டது, 'இங்கே நான் வேறு ஆளாக மாறணுமா?' என்ற மாதிரி.

ரயில் மாறுவதற்கு டச்சில் ஓவர்ஸ்டப்பன். ஏறுவது இன்ஸ்டப்பன், இறங்குவது அவுட்ஸ்டப்பன் (இந்த 'அவுட்' சரியான உச்சரிப்பு கிடையாது, தமிழில் அந்த ஒலியை எழுத எனக்குத் தெரியவில்லை). டிரெஸ் மாற்றுவது ஒம்க்ளேடன். குழந்தைக்கு டயப்பர் மாற்றுவதும் மெத்தை விரிப்பு மாற்றுவதும் ஃபெர்ஸ்ஹோனன், அதற்குள் 'ஸ்ஹோன்', அதாவது சுத்தம், இருக்கிறது. கடையில் வாங்கிய சட்டையைக் கொடுத்து வேறு சைஸ் வாங்குவதற்கு ஒன்று, நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றுவதற்கு விஸலன் என்று இன்னொன்று. இங்கிலீஷ்காரன் ஒரு சேஞ்சை வைத்துக்கொண்டு இத்தனையையும் சமாளித்துவிட்டான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு டச்சுக்குள் நுழைந்தால், எந்தக் கதவு என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்த வாரம்தான் அகராதி வாங்கினேன்.

வாங்கி வீட்டுக்கு வந்து சேஞ்ச் பக்கத்தைத் திறந்தால் தலை சுற்றியது. மேலே ஒரு கட்டத்தில் எண் போட்டு அர்த்தங்கள். அதற்குக் கீழே உதாரணங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் 1.2, 3.1, 6.4 என்று புள்ளி வைத்த எண்கள். விளக்கம் எல்லாம் முன்பக்கத்தில் இருந்திருக்கும், அந்தப் பக்கங்கள்தான் இல்லையே. இரண்டு மூன்று வாரம் இதை அச்சுப்பிழை போல ஒதுக்கிவிட்டுப் படித்தேன். அப்புறம் ஒரு ராத்திரி, டேக் என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது: 1-ல் தொடங்குகிற உதாரணங்களில் எல்லாம் கூட ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது, 3-ல் தொடங்குவதில் வினைச்சொல், 6-ல் தொடங்குவதில் இன், ஆன், ஃபார் மாதிரி ஏதாவது. புள்ளிக்குப் பின்னால் வரும் எண், மேலே கட்டத்தில் இருக்கிற எத்தனையாவது அர்த்தம் என்பது. அவ்வளவுதான். இது புரிந்த பிறகு சேஞ்சுக்குத் திரும்பிப் போனேன். சேஞ்ச் ட்ரெயின்ஸ், ட்ரெயின் பெயர்ச்சொல், ஆக 1-ல் தொடங்குகிற வரிசையில் தேடு. நாலாவது வரியில் ஓவர்ஸ்டப்பன் உட்கார்ந்திருந்தது. டென் பாஸ் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லலாம் போல இருந்தது.

இதுதான் இந்த அகராதியின் பெரிய பலம். சொல்லுக்குச் சொல் கொடுப்பதோடு நிற்பதில்லை, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து அர்த்தம் சொல்கிறது. ஆப்பில் தனிச்சொல்லைத் தட்டினால் அதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை, அது குத்துமதிப்பாக ஒன்றைத் தூக்கிப் போடுகிறது. முழு வாக்கியத்தைக் கொடுத்துப் பாருங்கள், அதே ஆப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். வரித்துறையிலிருந்து வரும் நீல உறைக் கடிதத்தை (இந்த ஊரில் நீல உறை என்றாலே வயிறு கலங்கும்) நான் இன்றும் போனில்தான் படிக்கிறேன், அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தால் கெடு தேதி தாண்டிவிடும். ஆனால் வாயைத் திறந்து நாமே பேச வேண்டிய இடத்தில், ரயிலில், மாடிப்படியில், கல்லாவில், முழு வாக்கியம் தட்ட நேரம் ஏது?

இப்போது குறைகள். முதல் குறை சாதாரணமானதில்லை. இது டச்சுக்காரர்கள் இங்கிலீஷ் படிப்பதற்காகச் செய்த புத்தகம். எனவே 'இது பணத்துக்கு', 'இது துணிக்கு', 'இது பேச்சு வழக்கு' என்கிற குறிப்புகள் எல்லாம் டச்சில்தான் இருக்கின்றன. டச்சு தெரிந்தால்தான் எந்த டச்சுச் சொல்லை எடுப்பது என்று தெரியும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. முதல் ஆறு மாசத்தில் இதை வாங்குகிறவர்கள் அழுதுவிடுவார்கள், தயவுசெய்து வேண்டாம். கொஞ்சம் படிக்க வந்த பிறகு வாங்கினால், அந்தக் குறிப்புகளைப் படிப்பதே பாடமாகிவிடுகிறது.

இரண்டாவது, டச்சில் இங்கிலீஷ் 'தி' மாதிரி டே, ஹெட் என்று இரண்டு உண்டு, என் பிரதியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவது டேயா ஹெட்டா என்று போடவில்லை. டச்சுக்காரனுக்கு அது தாய்ப்பாலோடு வந்தது, அவனுக்கு எதற்கு? நமக்கு வேண்டும். அதற்குப் பச்சைப் புத்தகம் என்று இவர்கள் சொல்கிற அதிகாரப்பூர்வச் சொற்பட்டியலின் இணையதளம் இருக்கிறது, இலவசம், அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, வயசு. வகுப்பில் ஒரு நாள் பலகையில் பன்னகுக் என்று எழுதினேன், அதாவது இந்த ஊர்த் தோசை மாதிரி ஒன்று, மைதாவும் முட்டையும் பாலும். டீச்சர் நடுவில் ஒரு 'ன்' எழுத்தைச் செருகிவிட்டு, எங்கே பிடித்தீர்கள் இந்த எழுத்தை என்று கேட்டார். அகராதியில் அப்படித்தான் இருந்தது. 1995-ல் டச்சு எழுத்துமுறையைத் திருத்தியபோது அந்த 'ன்' வந்து சேர்ந்ததாம். ஆக என் புத்தகம் அதற்கு முந்தியது, இது ஒன்றுதான் அதன் வயசுக்கு எனக்குக் கிடைத்த பிறப்புச் சான்றிதழ்.

சரி, சொற்களுக்கு வருவோம். கனமான சொற்களால் நமக்குச் சிக்கல் வராது. இன்ஃப்ளேஷன், ரெஃப்ரிஜிரேட்டர், மார்ட்கேஜ் எல்லாம் ஒரு சொல்லுக்கு ஒரு சொல், முடிந்தது. கெட், புட், திங்க், நோ, இஃப், வென், இந்தச் சுண்டைக்காய்ச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு செட் என்ற மூணெழுத்துச் சொல்லுக்குத்தான், வினையாக மட்டும் 430 பொருள் சொன்னார்கள். என் நாலு யூரோ புத்தகத்தில் அவ்வளவு இல்லை, ஆனால் கெட் இரண்டு பக்கத்துக்கு நெருக்கமாக ஓடுகிறது. கடிதம் வந்தால் க்ரைஹன், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தால் ஹாலன், குளிராக ஆனால் வோர்டன், புரிந்துவிட்டால் ஸ்னப்பன். 'கெட்டுப் போச்சு' என்று நாங்கள் வகுப்பில் சொல்லிச் சிரிப்போம்.

எனக்கு மிகவும் பிடித்த பதிவு திங்க். பிடித்ததற்குக் காரணம் ஒரு சூப்.

பக்கத்து வீட்டுத் தாத்தா, எண்பதைத் தாண்டியவர், போன ஜனவரியில் ஸ்னெர்ட் செய்து ஒரு சட்டி கொண்டுவந்து கொடுத்தார். உலர்ந்த பச்சைப் பட்டாணியைக் குழையக் குழைய வேகவைத்து, உள்ளே புகையில் வாட்டிய சாசேஜ் போட்டது. நல்ல ஸ்னெர்ட் என்றால் கரண்டி அதில் நட்டுக்குத்தாக நிற்க வேண்டும் என்பது இங்கே கணக்கு, அவருடையதில் நின்றது. வாசலிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஐ திங்க் இட்ஸ் டேஸ்டி என்பதை மனசுக்குள் டச்சாக்கி, "இக் டெங்க் தட் ஹெட் லெக்கர் இஸ்" என்றேன். தாத்தா என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "இன்னும் சாப்பிட்டுப் பார்க்கவில்லையா?" என்றார்.

அன்று ராத்திரி அகராதியைத் திறந்தேன். திங்க் என்பதற்கு டெங்கன் மட்டும் கிடையாது, ஃபின்டன் என்றும் இருக்கிறது. கண்டுபிடிப்பது என்ற சொல்தான், அதே சொல் 'எனக்கு இது இப்படி இருக்கிறது' என்பதற்கும் வருகிறது. சாப்பிட்டவன் ஃபின்டன் சொல்ல வேண்டும். டெங்கன் சொன்னால், இன்னும் வாயில் வைக்காதவன் ஊகிக்கிறான் என்று அர்த்தம். அப்போதுதான் தலையில் தட்டிக்கொண்டேன், ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை! சாப்பிட்டுவிட்டு நாம் 'நல்லா இருக்கு' என்போம், பாத்திரத்தை மூடியிருக்கும்போது 'நல்லா இருக்கும்னு நினைக்கிறேன்' என்போம். வாயில் சூப்பை வைத்துக்கொண்டு எந்தத் தமிழனாவது 'நல்லா இருக்கும்னு நினைக்கிறேன்' என்பானா? நான் நேராகத் தமிழிலிருந்து போயிருந்தால் தப்பியிருப்பேன். நடுவில் இங்கிலீஷில் இறங்கி மாறி ஏறினேன், அங்கேதான் மூட்டையைத் தவறவிட்டேன்.

அதிலிருந்து அகராதியைத் திறக்கிற முறையையே மாற்றிக்கொண்டேன். இங்கிலீஷ் சொல்லைத் தேடும் முன்னால், இதைத் தமிழில் எப்படிச் சொல்வேன் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது, பிறகு பதிவில் அந்தத் தமிழுக்குப் பக்கத்தில் வருகிற வரியைப் பிடிப்பது. எத்தனை இடத்தில் இது வேலை செய்கிறது தெரியுமா. டைம் என்று இங்கிலீஷ் குழப்பும், நமக்கு நேரம் வேறு தடவை வேறு, டச்சிலும் டைட் வேறு கேர் வேறு. ஃப்ரீ என்றால் கடையில் இலவசமா, கழிவறையில் ஆள் இல்லையா? முதலாவது ஹ்ராட்டிஸ், இரண்டாவது ஃப்ரை. ஐ லிவ் இன் ஐண்ட்ஹோவன் என்பதை லேவன் போட்டுச் சொன்னால் நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்கிற தொனி வந்துவிடும், குடியிருப்பதற்கு வோனன். இஃப் இன்னும் அழகு: 'அவர் வந்தால்' என்றால் அல்ஸ், 'அவர் வருவாரா என்று கேள்' என்றால் ஆஃப். வென்னும் அப்படியே, 'எப்போது' என்று கேட்டால் வானேர், 'நான் முதல் தடவை வந்தபோது' என்று நடந்து முடிந்த ஒன்றைச் சொன்னால் டூன், 'வரும்போதெல்லாம்' என்றால் அல்ஸ். டீச்சர் இதற்கு ஒரு முழு வகுப்பு எடுத்தார். ஸ்பெயின்காரர் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார், நாங்கள் இரண்டு தமிழர் மட்டும் இதில் என்ன கஷ்டம் என்று முழித்தோம்.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நோ, அதாவது தெரியும், இதில் நம் ஆள்தான் மோசம். 'அவரைத் தெரியுமா' என்றால் கென்னன், 'கடை எங்கே என்று தெரியுமா' என்றால் வேட்டன், 'நீச்சல் தெரியுமா' என்றால் குன்னன். இங்கிலீஷ்காரன் கடைசியை கேன் என்று பிரித்துவிட்டான், நாம் மூன்றையும் தெரியும் என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். உறவு முறையில் நிலைமை தலைகீழ், டச்சுக்காரர்கள் அண்ணன் மகன், அக்கா மகன், மாமா மகன், சித்தப்பா மகன் எல்லோரையும் நேஃப் என்று ஒரே பாயில் உட்கார வைக்கிறார்கள். அகராதி கசினுக்கு நேஃப், நெஃப்யூவுக்கும் நேஃப் என்று கூசாமல் எழுதியிருக்கிறது.

அப்புறம் புட். தமிழில் வை, வேலை முடிந்தது. டச்சில் நிறுத்தி வைத்தால் ஸெட்டன், படுக்க வைத்தால் லெஹ்ஹன், உள்ளே திணித்தால் ஸ்டொப்பன். வைத்த பிறகும் விடமாட்டார்கள், பாட்டில் மேஜை மேல் 'நிற்கிறது', கத்தி 'படுத்திருக்கிறது', சட்டை 'தொங்குகிறது', சாவி பையில் 'உட்கார்ந்திருக்கிறது'. தட்டு, நல்ல தட்டையான தட்டு, அதுவும் நிற்கிறதாம். செய்தி நாளிதழில் நிற்கிறது. ஐண்ட்ஹோவன் ப்ராபான்ட் மாகாணத்தில் படுத்திருக்கிறது. சாப்பாடு போதும், வயிறு நிறைந்தது என்பதற்கு 'நான் நிறைந்து உட்கார்ந்திருக்கிறேன்'. அகராதியில் புட் பதிவு எத்தனை நல்லதாக இருந்தாலும் தட்டு ஏன் நிற்கிறது என்று சொல்வதில்லை, அது அகராதியின் வேலையும் இல்லை. தாத்தாதான் சொன்னார், அடியில் பாதம் மாதிரி ஒன்று இருந்தால் நிற்கும் என்று. தட்டைத் திருப்பிப் பார்த்தேன், அடியில் வளையம் மாதிரி ஒரு விளிம்பு இருந்தது.

இந்த உட்கார்ந்திருக்கிற சாவியைப் பற்றி வகுப்பில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது கூடப் படிக்கும் யாழ்ப்பாணத்து அக்கா சொன்னார்: "ஏன் தம்பி, எங்கட ஊரில வீட்டுக்கு வாற ஆக்களை 'இருங்கோ' எண்டுதானே சொல்லுவம். இருக்கிறதெண்டா குந்துறதுதானே. சாவி பைக்குள்ள இருக்கு எண்டு நீங்களும்தான் சொல்லுறியள்." எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த அக்காவுக்கு டச்சு என்னைவிட வேகமாக வருகிறது, அலுவலகத்துக்கு அவர் ஊரில் கந்தோர் என்பார்களாம், பீன்ஸுக்குப் போஞ்சி, இரண்டும் டச்சுக்காரர் இலங்கையில் விட்டுவிட்டுப் போனவை. நம் பக்கத்துக்கு அவர்கள் விட்டுப்போனவற்றில் எல்லோருக்கும் தெரிந்தது கக்கூஸ். அதைத் தாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன், அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, தயவுசெய்து எந்த ஹோட்டலிலும் அப்படிக் கேட்டுவிடாதே என்றார்.

என் பிரதியில் கடைசிப் பக்கங்களும் இல்லை என்பதை வாங்கி ஒரு மாசம் கழித்துத்தான் பார்த்தேன். டபிள்யூவோடு முடிகிறது. யூ என்ற சொல்லே என் அகராதியில் கிடையாது, ஒய்யில் வருவதல்லவா. பெரிய நஷ்டமில்லை. மரியாதைக்கு ஊ, நெருக்கத்துக்கு யை அல்லது ய, நீங்கள்-நீ பிறப்பிலேயே தெரிந்தவனுக்கு அகராதி வேண்டாம். ஒன்றே ஒன்றில்தான் வழுக்கினேன், நம் 'நீங்கள்' மரியாதைக்கும் வரும், பத்துப் பேருக்கும் வரும், டச்சில் பத்துப் பேருக்கு யுல்லி என்று தனியாக இருக்கிறது. நான் வகுப்பு முழுவதையும் ஊ போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொருவரும் என்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். தாத்தாவோ முதல் வாரமே 'ய என்றே சொல்' என்று சொல்லிவிட்டார், பேரைச் சொல்லியே கூப்பிடச் சொன்னார். எண்பது வயசு மனிதரை எப்படி? இன்றுவரை வாக்கியத்தில் அவரைக் குறிக்கிற இடம் வந்தால் சுற்றி வளைத்துப் பேசித் தப்பிக்கிறேன்.

மதிப்பெண் கேட்பீர்கள். தொடக்கக்காரருக்கு ஐந்துக்கு ஒன்று. ஓரளவு படிக்கத் தெரிந்து, பேசும்போது மட்டும் இடறுகிறவருக்கு ஐந்துக்கு நாலு. மீதி ஒன்றைக் கனத்துக்காகக் கழித்தேன், சைக்கிளின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தபோது இரண்டு தரம் விழுந்தது. வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே நின்று மூன்று பக்கம் பாருங்கள்: புட், கெட், திங்க். புட்டுக்குக் கீழே மூன்று டச்சு வினையாவது தனித்தனி உதாரணத்தோடு இருக்க வேண்டும், திங்கில் ஃபின்டன் வர வேண்டும். இவை இல்லாத சின்ன அகராதியை இரண்டு யூரோவுக்குக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். எண்களுக்கு விளக்கம் சொல்லும் முன்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள், நான் பட்ட மூணு வாரம் உங்களுக்கு மிச்சம். கடைசிப் பக்கத்தையும் ஒரு தரம் புரட்டிவிடுங்கள்.

இப்போது அது சமையலறை மேஜையில்தான் நிற்கிறது. இல்லை, படுத்திருக்கிறது. பனீர் கட்டியை அமுக்க இதைவிட நல்ல பாரம் வீட்டில் இல்லை என்று என் மனைவி எடுத்துக்கொண்டாள், துணியில் சுற்றி அடியில் தட்டு வைத்துத்தான் செய்கிறாள், ஆனாலும் எம் எழுத்துப் பக்கங்களில் லேசாகப் பால் வாசனை வருகிறது.